ஜியாங் சிங்: சீனத் திரையை ஆட்டிவைத்தவர், அதே திரையில் கூண்டில் நின்ற கதை

1980 நவம்பர் கடைசி வாரம். சீனாவில் டிவி பெட்டி இருக்கிற வீடு என்றால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படம் பார்க்கத் தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடிய கதையை உங்கள் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார்கள். கிட்டத்தட்ட அதே காட்சி. ஆனால் அந்த வாரங்களில் சீனர்கள் பார்த்தது சினிமா இல்லை, ஒரு நீதிமன்றம்.

கூண்டில் 66 வயதுப் பெண். கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, வாரிவிட்ட தலை, நிமிர்ந்த முதுகு. மாவோவின் மனைவி ஜியாங் சிங். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை இதே டிவியில் எது வரலாம், எது வரக் கூடாது என்று முடிவு செய்தவர்களில் முக்கியமானவர். இப்போது அவர் பேசியதில் எந்த வாக்கியம் மக்கள் காதுக்குப் போக வேண்டும், எது போகக் கூடாது என்பதை வேறு யாரோ முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

சீன அரசு ஊடகம் என்று செய்திகளில் நாம் அடிக்கடி படிக்கிறோம். எல்லையில் பதற்றம் என்றால் உடனே இந்தப் பெயர்தான் வரும். சிசிடிவி அதன் முகம். (நமக்கு சிசிடிவி என்றால் கடைவாசல் கேமராதான் ஞாபகம் வரும். அங்கே அது சைனா சென்ட்ரல் டெலிவிஷன்.) 2018-ல் அதையும், தேசிய வானொலியையும், 1963 முதல் தமிழிலும் ஒலிபரப்பி வந்த சீன வானொலியையும் ஒரே நிறுவனமாக இணைத்து, கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறையின் கீழே வைத்தார்கள். சரி, இந்தக் கட்டுப்பாடு உண்மையில் எப்படித்தான் வேலை செய்கிறது? சட்டப் பிரிவுகளைப் பட்டியல் போட்டால் புரியாது. இந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் ஓரளவு புரியும்.

பெயர் மாறிக்கொண்டே இருந்த பெண்

1914 மார்ச்சில் ஷான்டாங் மாகாணத்தின் ஜூசெங் என்ற ஊரில் பிறந்தார். அப்பா குடிகாரர், அடிப்பவர். அம்மா இரண்டாந்தாரம். அந்த வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் வேலைக்காரர்களுக்குரிய இடம்தான். ஒரு கட்டத்தில் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் லி யுன்ஹே. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

பதினைந்து வயதில் ஜினான் நகர நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து சிங்தாவ். 1933-ல் தடை செய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியில் ரகசியமாகச் சேர்ந்தார், அதே ஆண்டு ஷாங்காய் போனார். அடுத்த ஆண்டு கைதாகிச் சில மாதம் உள்ளே இருந்தார். எப்படி வெளியே வந்தார் என்பது பின்னாளில் பெரிய அரசியல் கேள்வியானது. 1935-ல் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் நோராவாக மேடை ஏறியபோது அவர் பெயர் லான் பிங். கணவனையும் குழந்தைகளையும் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் நோராவாக நடித்து ஓரளவு பேர் வாங்கினார். சினிமாவில் அந்த அளவு வளரவில்லை, சில படங்கள், சிறிய வேடங்கள், அவ்வளவுதான்.

அந்தக் கால ஷாங்காய் பத்திரிகைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிகைகளின் சொந்த வாழ்க்கைதான் அவற்றின் சோறு. 1935 மார்ச்சில் ருவான் லிங்யு என்ற புகழ்பெற்ற நடிகை 24 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய காதல், வழக்கு எல்லாவற்றையும் நாள்தோறும் எழுதித் தீர்த்திருந்தன பத்திரிகைகள். லான் பிங்குக்கும் இதே கதி வந்தது. 1936 ஏப்ரலில் சினிமா விமர்சகர் டாங் நாவை அவர் மணந்தார். மூன்று ஜோடிகளுக்கு ஒரே இடத்தில் நடந்த கல்யாணம் அது. இன்னொரு மாப்பிள்ளை ஜாவ் டான், பிற்காலத்தில் சீன சினிமாவின் பெரிய நட்சத்திரம். சில மாதங்களிலேயே தம்பதி பிரிந்தார்கள், டாங் நா தற்கொலைக்கு முயன்றார், பத்திரிகைகளுக்குத் தீபாவளி. பழி எல்லாம் பெண் மேல்.

இருபத்திரண்டு வயதில் தன் அந்தரங்கம் அச்சில் ஓடுவதைப் பார்த்தவர் அவர். அவருடைய பிற்காலக் கொடுமைகளுக்கு இதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் அச்சடித்த ஒரு பக்கம் ஒரு ஆளை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

1937-ல் ஜப்பான் படையெடுத்தது. அவர் கம்யூனிஸ்டுகளின் மலைத் தலைநகரம் யெனானுக்குப் போனார். அங்கே ஜியாங் சிங் ஆனார். 1938 நவம்பரில் மாவோவை மணந்தார். மாவோவின் முந்தைய மனைவி ஹே ஸிஜென் மருத்துவத்துக்காக மாஸ்கோ போயிருந்த சமயம் அது. அவரோ நெடும் பயணத்தில் நடந்து வந்த போராளி, இவரோ ஷாங்காய் நடிகை. தலைவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. நீண்ட காலத்துக்கு அரசியலில் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இந்தத் திருமணத்தை ஏற்றார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அடுத்த இருபது வருஷத்துக்கு மேல் அவர் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான்.

பெரும்பாலும், என்றுதான் சொன்னேன். 1951-ல் ஒரு சினிமா வந்தது, 'வூ சுன்னின் வாழ்க்கை'. பிச்சை எடுத்துக் காசு சேர்த்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய ஒரு மனிதரின் கதை. ஹீரோ, அதே ஜாவ் டான். முதலில் எல்லாரும் பாராட்டினார்கள். மே 20 அன்று கட்சியின் நாளிதழ் மக்கள் தினசரியில் பெயரில்லாமல் ஒரு தலையங்கம் வந்தது: புரட்சி செய்யாமல் ஆண்டைகளிடம் கெஞ்சியவனை எப்படிக் கொண்டாடலாம் என்று. எழுதியவர் மாவோ. உடனே நாடு முழுவதும் கண்டனக் கூட்டங்கள். பாராட்டிய அதே ஆட்கள் மன்னிப்பு எழுதினார்கள். வூ சுன்னின் ஊருக்குப் போய் அவரைப் பற்றி 'விசாரித்த' குழுவில் லி ஜின் என்ற புனைபெயரில் இருந்தவர், ஜியாங் சிங்.

ஒரு படத்தை நிறுத்த நீதிமன்ற உத்தரவு தேவைப்படவில்லை, தணிக்கை அதிகாரியும் தேவைப்படவில்லை. சரியான பத்திரிகையில் ஒரு கட்டுரை போதும், மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொள்ளும். இந்த வித்தையை அவர் அப்போதே பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார்.

சில டஜன் பெட்டிகளும் பல கோடி ஒலிபெருக்கிகளும்

1958 மே 1 அன்று பீஜிங் டெலிவிஷன் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. நம் தூர்தர்ஷனுக்கு 16 மாதம் மூத்தது. அன்று பீஜிங்கில் இருந்த டிவி பெட்டிகளே சில டஜன்தான். அடுத்த பல ஆண்டுகளுக்கும் டிவி என்பது அதிகாரிகள், தொழிற்சாலைகள், கிளப்புகள் பார்க்கிற விஷயமாகத்தான் இருந்தது. கோடிக்கணக்கான மக்களுக்கு ஊடகம் என்றால் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி. எழுபதுகளின் நடுவில் கம்பி வழி ஒலிபரப்பின் ஒலிபெருக்கிகள் மட்டும் 10 கோடிக்கு மேல். அதில் வசதி என்னவென்றால், கேட்பவர் அலைவரிசை மாற்ற முடியாது. அணைக்கவும் முடியாது.

இந்த ஏற்பாட்டின் சாவி ஜியாங் சிங் கைக்கு வந்தது 1965-66-ல். அதுவும் ஒரு நாடக விமர்சனத்தின் வழியாக.

பீஜிங்கின் துணை மேயர் ஒரு வரலாற்று ஆசிரியர், பெயர் வூ ஹான் (ஊர்ப்பெயர் இல்லை, ஆள் பெயர்தான்). மிங் வம்சக் காலத்தில் மன்னரைத் தட்டிக்கேட்டுப் பதவி இழந்த ஹாய் ரூய் என்ற நேர்மையான அதிகாரியைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தார். மாவோவைத்தான் மறைமுகமாகக் குத்துகிறார் என்று ஜியாங் சிங் முடிவு கட்டினார். பீஜிங்கில் இதை எழுத ஆள் கிடைக்கவில்லை. ஷாங்காய் போய், யாவ் வென்யுவான் என்ற விமர்சகரை வைத்து மாதக்கணக்கில் ரகசியமாகக் கட்டுரை தயாரித்தார். 1965 நவம்பர் 10 அன்று ஷாங்காயின் வென்ஹுய் பாவ் நாளிதழில் அது வெளியானது.

தலைநகரப் பத்திரிகைகள் இரண்டு வாரத்துக்கு மேல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மக்கள் தினசரி மறுபிரசுரம் செய்தது நவம்பர் 30-ல்தான். கட்சியின் சொந்தப் பத்திரிகையே கட்சித் தலைவரின் மனைவிக்கு வளையவில்லை, பார்த்தீர்களா. கட்டுப்பாடு என்பது அதுவரை முழுமையாக ஒரே கையில் இல்லை, பல கைகளில் இருந்தது. அந்த இடைவெளியைத்தான் அடுத்த ஆறு மாதத்தில் அடைத்தார்கள். 1966 மே 28 அன்று மத்திய கலாச்சாரப் புரட்சிக் குழு அமைந்தது, ஜியாங் சிங் அதன் முதல் துணைத் தலைவர். மே 31 இரவு அந்தக் குழுவின் தலைவர் சென் போடா ஆட்களோடு மக்கள் தினசரி அலுவலகத்துக்குப் போய் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். மறுநாள் காலைத் தலையங்கம் பேய் பூதங்களைக் கூட்டித் தள்ளச் சொல்லி நாட்டையே அழைத்தது. மக்கள் தினசரியின் முன்னாள் ஆசிரியர் டெங் டுவோ அந்த மே மாதமே தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். வூ ஹான் 1969-ல் சிறையில் இறந்தார்.

எண்களோடு வேலை செய்கிற எனக்கு இந்தப் பத்தாண்டைப் புரியவைத்தது ஒரே ஒரு வரிசை. 1965-ல் சீனாவில் வெளிவந்த பருவ இதழ்கள் 790. 1969-ல் 20. மருத்துவம், விவசாயம், இலக்கியம், குழந்தைகள் இதழ் எல்லாம் சேர்த்துத்தான் இருபது. ஒரு கிராஃப் போட்டால் அது இறங்குகிற கோடு மாதிரி இருக்காது, கிணற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கும்.

அந்த வெற்றிடத்தில் ஜியாங் சிங் நிரப்பியவை 'மாதிரிப் படைப்புகள்'. ஐந்து ஓபரா, இரண்டு பாலே, ஒரு சிம்பொனி. 80 கோடி மக்களுக்கு எட்டே எட்டு நாடகம் என்பது சீனர்களின் கசப்பான ஜோக். மேடையில், வானொலியில், பிறகு படமாக்கித் திரையிலும் டிவியிலும் அவையேதான். ஒவ்வொரு பாட்டையும், உடையின் ஒட்டையும், நாயகன் முகத்தில் விழும் வெளிச்சத்தையும் அவரே பார்த்துத் திருத்தினார். வில்லனுக்கு மங்கிய வெளிச்சம், நாயகனுக்குப் பிரகாசம். ஒரு நியாயத்தையும் சொல்லிவிடலாம்: இவற்றில் சில உண்மையிலேயே நன்றாக இருக்கும். துப்பாக்கி ஏந்திய பெண்கள் கூர்விரலில் நின்று ஆடும் 'செம்படைப் பெண்கள்' பாலேவை இன்றும் சீனாவில் அரங்கு நிறையப் பார்க்கிறார்கள். 1972 பிப்ரவரியில் வந்த அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியதும் அதைத்தான். வேறு எதையுமே பார்க்க விடவில்லை என்பதுதான் பிரச்சினை.

தன் பழைய வாழ்க்கையையும் அவர் எடிட் செய்தார். 1966 அக்டோபரில் ஷாங்காயில் ஐந்து கலைஞர்களின் வீடுகளில் ஒரே சமயத்தில் சோதனை நடந்தது. தேடியது முப்பதுகளின் கடிதங்களையும் போட்டோக்களையும். கிடைத்தவை பீஜிங் போய் எரிக்கப்பட்டன. அந்த ஐவரில் ஒருவர் இயக்குநர் ஜெங் ஜுன்லி, 1969-ல் காவலில் இறந்தார். இன்னொருவர் ஜாவ் டான். ஆமாம், ஒரே பந்தலில் கல்யாணம் செய்துகொண்டவர். அவருக்குக் கிடைத்தது ஐந்து வருஷச் சிறை.

லைவ் டிவியில் ஒருவர் மறுத்துப் பேசினால்?

அந்தக் காலத்தில் 'எதிரிகளை' மக்கள் முன் நிறுத்தி அவமானப்படுத்தும் கூட்டங்கள் நாடெங்கும் நடந்தன. ஷாங்காயில் அவற்றை டிவியிலும் காட்டினார்கள். 1968-ல் இப்படி நிறுத்தப்பட்டவர் ஷாங்காய் இசைக் கல்லூரித் தலைவர் ஹே லூட்டிங். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி பற்றி யாவ் வென்யுவான் எழுதியதில் இசைத் தவறு இருக்கிறது என்று ஒருமுறை எழுதியிருந்தார், அதுதான் ஆரம்பக் குற்றம். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், அடிபட்ட உடம்பு. குனிந்து ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ நேரலையில் எல்லாம் பொய் என்று கத்தினார். ஒளிபரப்பை நிறுத்தினார்கள். கூட்டத்தில் வாயைப் பொத்தலாம், கையை முறுக்கலாம். டிவியில் ஒருமுறை போனது போனதுதான். ஹே லூட்டிங் சிறையில் இருந்து மீண்டு 1999 வரை வாழ்ந்தார்.

வெளிநாட்டு கேமரா இன்னொரு தலைவலி. 1972-ல் இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியை சீனாவே அழைத்தது. இத்தாலிய அரசு டிவிக்காக அவர் எடுத்த 'சுங் குவோ' என்ற ஆவணப்படத்தில் அணிவகுப்பும் சாதனையும் குறைவு, தெரு, சந்தை, வயதானவர்களின் முகம் இவைதான் நிறைய. 1974 ஜனவரி 30 அன்று மக்கள் தினசரி அதன் மேல் பாய்ந்தது. நான்ஜிங் பாலத்தை வேண்டுமென்றே கோணலாகக் காட்டினார் என்பது ஒரு குற்றம். மாதிரி ஓபரா பாட்டு ஒலிக்கும்போது பன்றி தலையாட்டுவதைக் காட்டினார் என்பது இன்னொன்று. சிரிப்பு வருகிறதா? அந்த அம்பு அன்டோனியோனிக்கு மட்டும் இல்லை, அவரை அழைத்து வந்தவர்களுக்கும்தான். பிரதமர் சூ என்லாயின் பக்கத்து ஆட்கள் அவர்கள். கண்டனக் கூட்டங்களில் முழங்கிய லட்சக்கணக்கானவர்கள் படத்தைப் பார்த்ததே இல்லை. பீஜிங்கில் அது வெளிப்படையாகத் திரையிடப்பட்டது 2004-ல்.

தொப்பி

1976 ஜனவரி 8 அன்று சூ என்லாய் இறந்தார். மக்கள் அவரை நேசித்தார்கள். ஜியாங் சிங் அணிக்கு அவர் எதிரி. பத்திரிகைகளில் இரங்கல் செய்திகளை அடக்கி வாசிக்கச் சொல்லி உத்தரவுகள் போயின. பிரசாரம் அப்போது யாவ் வென்யுவான் கையில். வார்த்தையை அடக்கிவிட்டார்கள், சரி. ஆனால் இறுதி மரியாதைப் படக் காட்சி வெளியே வந்துவிட்டது. வரிசையில் வந்த எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்கள். ஜியாங் சிங் மட்டும் தொப்பியோடு நின்றார்.

வருஷக்கணக்கில் நாயகன் முகத்தில் எத்தனை வெளிச்சம் விழ வேண்டும் என்று அளந்தவர், தன் தலையில் இருந்த தொப்பியைக் கவனிக்கவில்லை. எந்தத் தலையங்கமும் அந்தச் சில விநாடிகளை அழிக்க முடியவில்லை, பார்த்தவர்கள் மூலம் அது வாய்வழியாக ஊர் ஊராகப் போனது. ஏப்ரல் தொடக்கத்தில், இறந்தவர்களுக்கான சிங்மிங் நாளை ஒட்டி, தியானன்மென் சதுக்கத்தில் சூவுக்கு மாலைகளும் கவிதைகளும் குவிந்தன. சில கவிதைகள் ஜியாங் சிங்கை நேராகவே தாக்கின. ஏப்ரல் 5 அன்று அடித்துக் கலைத்தார்கள். பத்திரிகைகள் அதை எதிர்ப்புரட்சிச் சம்பவம் என்றன.

ஜூலை 28-ல் டாங்ஷான் நிலநடுக்கம். 2.42 லட்சம் பேர் இறந்தார்கள். இந்த எண்ணிக்கையை சீன அரசு வெளியிட்டது 1979 நவம்பரில். மூன்று வருஷம். சொந்த நாட்டில் ஒரு நகரமே தரைமட்டமானது, எத்தனை பேர் செத்தார்கள் என்பது அரசு ரகசியம். (அதே மாதங்களில் நம் நாட்டில் நெருக்கடி நிலை, இங்கேயும் தணிக்கை. அதனால் ரொம்ப நிமிர்ந்து நின்று பேச வேண்டாம்.)

செப்டம்பர் 9-ல் மாவோ இறந்தார். 18-ம் தேதி இரங்கல் கூட்டத்தில் தலைவர்கள் ஒரே வரிசையில் தலைகுனிந்து நின்றார்கள், ஜியாங் சிங்கும் இருந்தார். 27 நாள்தான்.

அக்டோபர் 6 இரவு. மாவோவின் வாரிசாக வந்த ஹுவா குவோஃபெங், யாவ் வென்யுவான் உள்ளிட்ட மூன்று பேரைக் கூட்டம் என்று அழைத்துக் கைது செய்ய வைத்தார். ஜியாங் சிங்கை அவர் வீட்டிலேயே பிடித்தார்கள். இதே இரவு இன்னொரு வேலையும் நடந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தூதராக இருந்த மூத்த தலைவர் கெங் பியாவ், ஹுவாவின் கைப்பட எழுதிய கடிதத்தோடு, ராணுவத்தினர் துணையோடு, மத்திய ஒலிபரப்பு நிலையத்துக்குப் போனார். ஸ்டுடியோக்களில் காவல் போட்டார். நிகழ்ச்சிகள் வழக்கம்போல ஓடின. கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

லண்டனின் டெய்லி டெலிகிராஃப் அக்டோபர் 12-ல் செய்தியை வெளியிட்டது. சீன மக்களுக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது அதற்கும் ஒன்பது, பத்து நாள் கழித்து. அப்புறம் வெளியான இதழ்களில் அந்த இரங்கல் கூட்டப் போட்டோ மறுபடி வந்தது. வரிசையின் நடுவில் வெற்றிடங்கள். நான்கு பேரையும் அழித்திருந்தார்கள், மற்றவர்களை நெருக்கி நிறுத்தக்கூட மெனக்கெடவில்லை. யார் நின்ற இடம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும் என்றுதான் விட்டார்களோ என்னவோ.

எடிட் செய்யப்பட்ட வழக்கு

1978 ஜனவரி 1 அன்று இரவு 7 மணி தேசியச் செய்தி அறிக்கை தொடங்கியது. இன்றும் அதே நேரம், சீனாவின் மாகாண சேனல்களும் சேர்ந்து ஒளிபரப்புகின்றன. அதே ஆண்டு மே மாதம் பீஜிங் டெலிவிஷன், சிசிடிவி ஆனது. டிவி பெட்டிகளும் வேகமாகப் பெருகின. ஆக, 1980 நவம்பர் 20 அன்று சிறப்பு நீதிமன்றம் கூடியபோது நாடு முழுக்கப் பார்வையாளர்கள் தயார்.

பத்துக் குற்றவாளிகள், 35 நீதிபதிகள். நீதிபதிகளில் ஒருவர் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்டாங், கலாச்சாரப் புரட்சியில் அவரே பாதிக்கப்பட்டவர். உள்ளே இருந்த பார்வையாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வெளிநாட்டு நிருபர்களுக்கு அனுமதி இல்லை. மக்கள் பார்த்தது நேரலை அல்ல, வெட்டித் தொகுத்த பகுதிகள்.

குற்றப்பத்திரிகை 7 லட்சத்துக்கும் அதிகமானோர் துன்புறுத்தப்பட்டதாகவும், அதில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் சொன்னது. இந்த எண்ணைப் பயன்படுத்தும்போது கவனமாக இருங்கள். அந்த வழக்கில் பேர் சொல்லிக் கணக்கு வைத்த அளவு மட்டுமே அது. கலாச்சாரப் புரட்சியின் மொத்தச் சாவை ஆய்வாளர்கள் இதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கணக்கிடுகிறார்கள். மிச்சச் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இந்த வழக்கு தொடவே இல்லை.

தொட்டவர் ஜியாங் சிங். மற்றவர்கள் தலைகுனிந்தார்கள், அல்லது வாயே திறக்கவில்லை. இவர் மட்டும் நீதிபதிகளோடு சண்டை போட்டார், சாட்சிகளைக் கேலி செய்தார், இருமுறைக்கு மேல் இழுத்து வெளியேற்றப்பட்டார். அவர் வாதம் ஒன்றுதான்: செய்ததெல்லாம் மாவோ சொல்லித்தான் செய்தேன். அது தப்பிக்கிற பேச்சு மட்டும் இல்லை, பெருமளவு உண்மையும்கூட. அதனால்தான் ஆபத்து. மாவோவின் படம் தியானன்மென் வாசலில் தொங்குகிறது, உடல் சதுக்கத்தில் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. எனவே டிவியில் மக்கள் அவருடைய கத்தலைப் பார்த்தார்கள், வாதத்தை மிகக் குறைவாகவே கேட்டார்கள். கைதான நாள் முதல் சுவரொட்டிகள் அவரைப் பழங்கதையின் எலும்புப் பேயாக வரைந்திருந்தன. மன்னன் கெட்டதற்கு ராணிதான் காரணம் என்பது சீனாவிலும் ரொம்பப் பழைய கதை, நமக்கும் புதிதில்லை.

இதில் நான் அவர் பக்கம் பேசவில்லை. ஜெங் ஜுன்லி செத்தது செத்ததுதான். ஆனால் குற்றம் செய்தவரின் வாக்குமூலத்தில் எந்தப் பாதியைக் கேட்கலாம் என்று அரசு டிவி முடிவு செய்யும்போது, பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதி நீதிதான் கிடைக்கிறது.

இன்னொரு தேதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வழக்கு தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பு, அக்டோபர் 8 அன்று, மக்கள் தினசரியில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜாவ் டான், புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில். கட்சி கலையை இவ்வளவு நுணுக்கமாக நிர்வகித்தால் கலைக்கு விமோசனமே இல்லை என்பது அதன் சாரம். தன்னைச் சிறையில் தள்ளியவரை மட்டும் அவர் குறை சொல்லவில்லை, அந்த ஏற்பாட்டையே சொன்னார். மேலிடத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஜாவ் டான் இறந்தார்.

1981 ஜனவரி 25-ல் தீர்ப்பு. இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை. 1983-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சிறையில் பொம்மை தைக்கும் வேலை கொடுத்தார்கள் என்றும், ஒவ்வொரு பொம்மையிலும் தன் பெயரைத் தைத்துவிட்டதால் விற்க முடியாமல் போனது என்றும் ஒரு கதை உண்டு. பிறகு தொண்டைப் புற்றுநோய். 1991 மே 14 அன்று மருத்துவமனையில் தற்கொலை செய்துகொண்டார். வயது 77.

டிவி சொல்லவில்லை, பத்திரிகை சொல்லவில்லை. மூன்று வாரம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கசிந்த பிறகு, ஜூன் 4 அன்று ஷின்ஹுவா அரசுச் செய்தி நிறுவனம் சில வரிகளில் உறுதிப்படுத்தியது.

பீஜிங்கின் மேற்கே ஃபூட்டியன் மயானத்தில் 2002-ல் அவருக்குக் கல்லறை அமைந்தது. அதில் ஜியாங் சிங் என்ற பெயர் இல்லை, லான் பிங்கும் இல்லை. பொறித்திருப்பது லி யுன்ஹே.